ஸ்கைவர்ட் ஸ்வோர்ட் எச்டி: வாள் கையில் இருக்கட்டுமா, ஸ்டிக்கில் இருக்கட்டுமா?

கையசைவால் ஆட்டத்தை இயக்கும் மோஷன் கண்ட்ரோல் நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் வாதம்தான் வளரும். ஒரே ஆட்டம், அதே எதிரிகள், அதே அறைகள். கையை வீசியும் ஆடலாம், பட்டனை அழுத்தியும் ஆடலாம். இப்படி ஒன்று கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்த்து முடிவுக்கு வரலாம். நின்டெண்டோ சுவிட்சில் உள்ள 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஸ்கைவர்ட் ஸ்வோர்ட் எச்டி' அப்படிப்பட்ட ஆட்டம். கதையையும் படத்தரத்தையும் பற்றிய விமர்சனங்கள் ஏற்கெனவே நிறைய உண்டு. இங்கே பார்க்கப்போவது கட்டுப்பாட்டை மட்டும்.

2011 நவம்பரில் வீ கன்சோலுக்கு வந்தபோது இந்த ஆட்டத்தில் பட்டன் வழி என்பதே கிடையாது. சாதாரண வீ ரிமோட்டும் போதாது. மோஷன்பிளஸ் என்ற ஜைரோ இணைப்பு வேண்டும், அல்லது அது உள்ளேயே பொருத்தப்பட்ட ரிமோட் பிளஸ் வேண்டும். 2006-இல் வந்த முதல் ரிமோட்டில் முடுக்கமானியும் அகச்சிவப்புக் கேமராவும் மட்டுமே இருந்தன. முடுக்கமானிக்குப் புவியீர்ப்பும் தெரியும், கை உதறலும் தெரியும். ஆனால் வேகமாக வீசும்போது எது எதனால் வந்தது என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் அந்தக் காலத்து ஆட்டங்கள் பலவற்றில் எந்தப் பக்கம் வீசினாலும் ஒரே வெட்டு விழுந்தது. கை எவ்வளவு வேகமாக, எந்த அச்சில் திரும்புகிறது என்பதை நேரடியாக அளப்பது ஜைரோ. 2009-இல் அது சேர்ந்த பிறகுதான் திரையில் உள்ள வாள் கையின் கோணத்தைப் பின்தொடர ஆரம்பித்தது.

சுவிட்ச் பதிப்பு 2021 ஜூலை 16 அன்று வந்தது. கன்சோலின் இருபுறமும் உள்ள சிறு கன்ட்ரோலர்களான ஜாய்-கான்கள் இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்தால் வலது கான் வாள், இடது கான் கேடயம். கன்சோலைக் கையில் வைத்து ஆடினாலோ, புரோ கன்ட்ரோலரில் ஆடினாலோ வாள் கட்டைவிரலால் சாய்க்கும் வலது ஸ்டிக்குக்குப் போய்விடும்; இதுதான் பட்டன் முறை. இன்னொரு மாற்றமும் முக்கியம். வீ பதிப்பு நொடிக்கு 30 ஃபிரேமில், அதாவது 30 படங்களில், ஓடியது, இது 60-இல் ஓடுகிறது. ஒரு ஃபிரேம் 33 மில்லி நொடியிலிருந்து 17-க்கு அருகில் வந்துவிட்டது. பட்டன் அழுத்தும் ஆட்டத்தில் இந்த வேறுபாடு ஒரு வசதி, அவ்வளவுதான். கையோடு சேர்ந்து நகர வேண்டிய வாளுக்கு இது உயிர். பழைய பதிப்பில் வாள் கைக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வந்தது. இதில் அந்தத் தயக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

இனி வாளுக்கு வருவோம். இந்த ஆட்டத்தில் எதிரி ஒவ்வொருவனும் ஒரு கோணக் கணக்கு. டெக்கு பாபா என்ற செடி வாயைக் கிடைமட்டமாகத் திறந்தால் பக்கவாட்டில் வெட்ட வேண்டும், நெடுக்காகத் திறந்தால் மேலிருந்து கீழே. பொக்கோப்ளின் தன் ஆயுதத்தை ஒரு பக்கம் சாய்த்து மறித்து நிற்பான். மறிக்காத பக்கத்திலிருந்து வெட்டு வர வேண்டும். ஸ்டால்ஃபாஸ் எலும்புக்கூடு இரண்டு வாள்களை வைத்துக்கொண்டு கோணத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், திறப்பு எங்கே என்று பார்த்து வெட்ட வேண்டும். ஸ்கைவியூ கோயிலில் ஒரு கதவின் மேல் பெரிய கண் இருக்கிறது. அது உங்கள் வாளின் நுனியையே பார்த்துக்கொண்டிருக்கும். நுனியை வட்டமாகச் சுழற்றினால் கண்ணும் கூடவே சுழன்று கிறுகிறுத்துக் கதவு திறக்கும். பட்டன் ஆட்டத்துக்கு ஒரு வடிவமைப்பாளரின் மனதில் இந்தக் கதவு தோன்றியிருக்காது. கையின் நிலை எந்த நொடியும் ஆட்டத்துக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் பிறந்த புதிர் அது. மோஷன் கண்ட்ரோல் ஆட்டத்தை வளப்படுத்துவது இப்படிப்பட்ட இடங்களில்தான். 'எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வு' என்று ஆட்டம் கேட்கிறது, கை பதில் சொல்கிறது.

எங்கே சறுக்குகிறது? அதிகம் பேர் சலித்துக்கொள்வது திரும்பும் வீச்சைப் பற்றி. வாள் வலப்பக்கம் இருக்கிறது, எதிரியின் இடப்பக்கம் திறந்திருக்கிறது. கையை இடப்பக்கம் கொண்டுபோய் அங்கிருந்து வெட்ட நினைக்கிறீர்கள். கொண்டுபோகும் வேகத்தையே ஆட்டம் வெட்டு என்று எடுத்துக்கொள்கிறது. லனாய்ரு பாலைவனத்தில் மின்சாரத் தடியோடு வரும் டெக்னோப்ளினிடம் இப்படி நடந்தால் தடியில் வாள் பட்டு ஷாக் அடிக்கும். சென்சார் கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சென்சார் சரியாகத்தான் அளக்கிறது. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிய அசைவு எல்லாம் வெட்டு என்பது ஆட்டத்தின் விதி. அதனால் அசைவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் கையை மெதுவாக, ஊர்வது போல வேண்டிய பக்கம் நகர்த்துங்கள், திரையில் ஆட்டத்தின் நாயகன் லிங்க்கின் வாளும் கூடவே போவதைப் பாருங்கள். அது போய் நின்ற பிறகு மணிக்கட்டை மட்டும் சட்டென்று திருப்புங்கள். தோளிலிருந்து வீசத் தேவையே இல்லை. தோள் வீச்சு பெரிதாக இருப்பதால் அது நிற்கும் இடமும் தள்ளிப் போகிறது, திரும்பி வரும் தூரமும் கூடுகிறது. தவறான வெட்டுகள் அந்தத் திரும்புதலில்தான் முளைக்கின்றன.

இரண்டாவது சறுக்கல் குத்து. பீமோஸ் தூணைப் பக்கவாட்டில் வெட்டி உயரத்தைக் குறைத்து, கடைசியில் கண்ணில் குத்த வேண்டும். வெட்டு விழும், குத்து விழாது. நேராக நீட்டிய கை குத்தாகாமல் மேலிருந்து கீழே விழுந்த வெட்டாகப் பதிவாகிறது. முழங்கையை மையமாக வைத்துக் கை நீளும்போது ஜாய்-கானின் மூக்கு ஒரு வில் போல வளைந்து வருகிறது. ஜைரோவின் கண்ணுக்கு அது சுழற்சி, சுழற்சி என்றால் வெட்டு. குத்து என்றால் சுழற்சி இல்லாத முன்தள்ளல். முழங்கையை இடுப்புக்கு அருகில் இறக்கி, கானின் மூக்கைத் திரையின் நடுவுக்கு நேராக ஒரு கணம் நிறுத்தி, பிறகு மேசை இழுப்பறையை உள்ளே தள்ளுவது போல நேராகத் தள்ளுங்கள். அந்த ஒரு கணம் நிறுத்துவதுதான் முக்கியம். முந்தைய வெட்டின் மீதிச் சுழற்சி அடங்குவதற்கு அந்த நேரம் வேண்டும். பட்டன் முறையில் வலது ஸ்டிக்கை உள்ளே அழுத்தினால் குத்து, பிசகே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் ஸ்டிக் தெளிவாக ஜெயிக்கிறது.

கிராஹிம் என்ற வில்லனுடன் நடக்கும் முதல் சண்டை இரண்டு முறைகளையும் எடைபோட மிகச் சிறந்த இடம். ஸ்கைவியூ கோயிலின் கடைசி அறை. தொடக்கத்தில் அவன் கையில் ஆயுதம் இல்லை, வருகிற வாளை இரண்டு விரல்களால் பிடித்துக்கொள்கிறான். உங்கள் வாள் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் அவன் கை வந்து காத்திருக்கிறது. கண்மூடித்தனமாக வீசுபவர் இங்கே மாட்டிக்கொண்டு தவிப்பார். வாளை வலப்பக்கம் நிறுத்தி அவன் கையை அங்கே வரவழைத்து, அது வந்ததும் வாளை வேறு பக்கம் கொண்டுபோய் அவன் சுதாரிப்பதற்குள் வெட்ட வேண்டும். மோஷனில் இது நிஜமான ஏமாற்று வித்தை. கையை மெல்ல நகர்த்தி அவன் விரல்களை இழுத்துக்கொண்டு போகும் அந்தச் சில நொடிகளில் எதிராளியின் கண்ணைப் பார்த்து விளையாடும் உணர்வு வருகிறது. ஸ்டிக்கில் அதே சண்டை சுலபம். ஒரு பக்கம் சாய்த்துப் பிடி, எதிர்ப்பக்கம் சுண்டு, முடிந்தது. ஸ்டிக்கை விட்டால் அது தானாக நடுவுக்கு வரும், வருவதை ஆட்டம் வெட்டாக எண்ணாது. திரும்பும் வீச்சுப் பிரச்சினையே எழவில்லை. தோற்காமல் முடிக்க வேண்டும் என்றால் ஸ்டிக். அந்தச் சண்டை எதற்காக அப்படி அமைக்கப்பட்டது என்பது புரிய வேண்டும் என்றால் மோஷன்.

பட்டன் முறைக்கு வேறொரு இடத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது, அது கேமரா. வலது ஸ்டிக் வாளாகிவிட்டதால், சுற்றிப் பார்க்க எல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டிக்கைத் திருப்ப வேண்டும். விட்டால் ஸ்டிக் மறுபடியும் வாள். பிற ஆட்டங்களில் பழகிய கட்டைவிரல் சுற்றிப் பார்க்கத்தான் ஸ்டிக்கைத் தொடும், உடனே லிங்க் வாளை உருவிக் காற்றை வெட்டுவான். ஆள் நடமாடும் ஊருக்குள்ளும் இதே கூத்து. சில மணி நேரத்தில் விரல் பழகிவிடும் என்றாலும் முழுக்க மறையாது. மோஷன் முறையில் வலது ஸ்டிக் சும்மா இருக்கிறது, கேமராவை எப்போது வேண்டுமானாலும் சுழற்றலாம். வீ பதிப்பில் இந்த வசதியும் இல்லை, இடது கையில் பிடிக்கும் நன்சக் கன்ட்ரோலரில் ஒரே ஒரு ஸ்டிக்தான். இப்போதைய மோஷன் முறையை அந்தப் பழைய பதிப்பை வைத்து மதிப்பிடுவது சரியல்ல.

இனி மோஷன் இடையூறாகும் இடங்கள். லாஃப்ட்விங் பறவையில் பறக்கும்போது ஜாய்-கானைச் சாய்த்துத் திசை திருப்ப வேண்டும். நீந்தும்போதும் அப்படியே. கயிற்றின் மேல் நடக்கும்போது தடுமாறினால் எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். யாழை மீட்டக் கையை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். இவற்றில் எதிலும் கை சொல்லும் தகவல், ஒரு ஸ்டிக் சொல்லக்கூடியதைவிடக் கூடுதல் இல்லை. ஸ்டிக்குக்கு நடுப்புள்ளி விரலுக்கே தெரியும், விட்டால் அங்கே திரும்பும். காற்றில் பிடித்த கானுக்கு நடுப்புள்ளி எது? கை சோர்ந்து இரண்டு விரற்கடை இறங்கினால் பறவையும் மூக்கைக் கீழே சாய்க்கிறது. வானத்தில் நீண்ட தூரம் போகும் வேலைகளில் இது நிஜமாகவே அலுப்பு. பிளேஸ்டேஷன் 3-இல் 2007-இல் வந்த 'லேர்' செய்த பிழையும் இதுதான். டிராகனை ஓட்ட கன்ட்ரோலரைச் சாய்ப்பதைத் தவிர வேறு வழியே வைக்காமல் விட்டார்கள். அடுத்த ஆண்டு ஒரு அப்டேட் கொடுத்து ஸ்டிக்கைச் சேர்க்க வேண்டியிருந்தது.

இதைவிட மோசமான வகை, பட்டனுக்குப் பதில் உதறல். 2010-இன் 'டாங்கி காங் கன்ட்ரி ரிட்டர்ன்ஸ்' ஆட்டத்தில் உருள வேண்டுமானால் ரிமோட்டை உதற வேண்டும். ஓடிக்கொண்டே உதறினால் உருளல், நின்று உதறினால் தரையில் குத்து. குழியின் விளிம்பில் ஒரு ஃபிரேம் பிசகினாலும் செத்துப்போகும் ஆட்டம் அது. பட்டன் அழுத்திய கணத்திலேயே தொடர்பு மூடும். உதறல் அப்படியல்ல: கை கிளம்பி, வேகம் எல்லையைத் தாண்டி, ஆட்டம் அதை உதறல் என்று உறுதி செய்த பிறகுதான் செயல் நடக்கும். அந்தத் தாமதம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. 2013-இன் 3டிஎஸ் பதிப்பில் அதே உருளலைப் பட்டனில் வைத்ததும் ஆட்டம் மூச்சுவிட்டது. 2017-இன் 'சூப்பர் மாரியோ ஒடிசி' அருமையான ஆட்டம். ஆனாலும் எறிந்த தொப்பியை எதிரியைத் தேடிப் போகவைக்க உதறல் தவிர வேறு வழி வைக்கவில்லை. கையடக்கமாக ஆடுபவர் திரையோடு சேர்த்து முழுக் கன்சோலையும் உதற வேண்டும். 'ஆம், செய்' என்பதற்கு மேல் எதையும் சொல்லாத அசைவுக்கு ஒரு பட்டன் இருந்தே ஆக வேண்டும்.

குறிபார்ப்பது இதற்கு நேர்மாறு. ஸ்கைவர்ட் ஸ்வோர்டில் கவண், வில், காற்றுக்குடுவை எல்லாம் கானைத் திருப்பிக் குறிவைப்பவை. மூன்றுமே ஸ்டிக்கைவிட வேகம், ஸ்டிக்கைவிடத் துல்லியம். ஸ்டிக் சொல்வது எவ்வளவு வேகமாகத் திரும்பு என்பதை. குறிக்கு அருகில் வந்ததும் கட்டைவிரல் சரியான நேரத்தில் விட வேண்டும், இல்லையென்றால் தாண்டிப் போகும். ஜைரோ சொல்வது எவ்வளவு திரும்பு என்பதை. கை நின்றால் குறியும் நிற்கும். 2015-இல் வீ யூவில் வந்த 'ஸ்பிளாட்டூன்' இதை எடுத்த எடுப்பிலேயே இயல்புநிலையாக வைத்து, பெருந்திருப்பத்துக்கு ஸ்டிக், நுண்திருத்தத்துக்கு ஜைரோ என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தது. தொடரில் இன்றுவரை தேர்ந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அதை அணைப்பதில்லை. 2022-இன் கையடக்கக் கணினியான ஸ்டீம் டெக் இன்னொரு படி போனது. ஸ்டிக்கின் மேல் விரல் பட்டால் மட்டும் ஜைரோ இயங்கும்படி வைக்கலாம், விரலை எடுத்துக் கையை வசதியான நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி தொடலாம். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஜைரோ இல்லாததால், எல்லாக் கன்சோலுக்கும் சேர்த்து எழுதப்படும் ஆட்டங்கள் பலவும் இந்த வசதியை மறந்துவிடுகின்றன. வருத்தமான விஷயம்.

குறி மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துபோவது எல்லா ஜைரோவுக்கும் பொதுவான நோய். கான் அசையாமல் இருந்தாலும் ஜைரோ சுழியத்தைச் சொல்லாது, மிகச் சிறிய ஒரு எண்ணைச் சொல்லும். அதைத் தொடர்ந்து கூட்டினால் கோணம் தள்ளிப் போகும். மேல்கீழ்ச் சாய்வை முடுக்கமானி புவியீர்ப்பை வைத்துத் திருத்திவிடும். இடவலத் திருப்பத்துக்குப் புவியீர்ப்பு உதவாது, அதனால் நழுவல் எப்போதும் பக்கவாட்டிலேயே தெரியும். கையின் சூட்டில் கான் வெதுவெதுப்பானாலும் அந்தச் சிறிய எண் மாறும். வீ காலத்தில் டிவி மேல் வைத்த சென்சார் பட்டையின் இரு ஒளிப்புள்ளிகளை ரிமோட் கேமரா பார்த்து நடுவைக் கண்டுபிடித்தது. ஜாய்-கானுக்கு டிவி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆகவே கானைத் திரையின் நடுவுக்கு நேராக நீட்டி ஒய் பட்டனை அழுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கவணை எடுக்கும் ஒவ்வொரு முறையும், வண்டுக் கருவியைப் பறக்கவிடும் முன்னும், பெரிய சண்டை தொடங்கும் முன்னும் ஒரு அழுத்து. கானை வேறு எங்கோ பார்த்து வைத்துக்கொண்டு அழுத்தினால் அதுவே நடுவாகிவிடும். 'வாள் எப்போதும் கோணலாக நிற்கிறது' என்ற புகாரில் பாதிக்கு இதுவே காரணம்.

ஒய் அழுத்திய சில நொடிகளிலேயே மறுபடி நழுவினால் கன்சோல் அளவில் சரிசெய்ய வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ், அதற்குள் கேலிபரேட் மோஷன் கண்ட்ரோல்ஸ். ஜாய்-கானைக் கன்சோலிலிருந்து கழற்றி, வலது கானில் பிளஸ் பட்டனையும் இடது கானில் மைனஸ் பட்டனையும் அழுத்திப் பிடித்துத் தட்டையான மேசையில் வைத்து, திரை முடிந்தது என்று சொல்லும்வரை தொடாமல் விடுங்கள். மெத்தை, சோபா கைப்பிடி, ஸ்பீக்கர் ஓடும் மேசை எதுவும் ஆகாது. அசைவற்ற நிலை எது என்று கான் கற்றுக்கொள்ளும் நேரம் அது. கைப்பட்டைத் துண்டைக் கழற்றிவிட்டு வைத்தால் கான் சமமாக உட்காரும். இணைப்பு விட்டுவிட்டு வந்தால் அது வேறு கோளாறு: புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க், வைஃபை ரௌட்டர் எல்லாம் இரைச்சல் போடும். கன்சோலை டிவியோடு இணைக்கும் டாக்கை அவற்றிடமிருந்து தள்ளி வையுங்கள், டிவிக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். டிவியின் கேம் மோடு இயங்குகிறதா என்றும் பாருங்கள். அது அணைந்திருந்தால் படம் மெருகேறிக் காட்டப்படும் நேரத்தில் வாள் கையைவிடப் பின்தங்கும், பழி கன்ட்ரோலர் மேல் விழும்.

நின்று ஆடத் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வலது முன்கையைத் தொடைக்கு மேல் சற்றே தூக்கிப் பிடித்தாலே எல்லா வெட்டும் விழும். அப்படி ஆடினால்தான் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். வானை நோக்கி வாளை உயர்த்தி ஒளியேற்றும் ஸ்கைவர்ட் ஸ்ட்ரைக்குக்கும் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டாம், கானின் மூக்கு கூரையைப் பார்த்தால் போதும். கைப்பட்டை மட்டும் கட்டாயம். வீ வெளிவந்த சில வாரங்களிலேயே, 2006 டிசம்பரில், நின்டெண்டோ 32 லட்சம் பட்டைகளை மாற்றிக் கொடுக்கும்படி ஆனது. மெல்லிய கயிறு அறுந்து ரிமோட் பறந்ததுதான் காரணம். மணிக்கட்டு, தோள் வலி உள்ளவர்கள் யோசிக்காமல் பட்டன் முறைக்குப் போங்கள். 2011-இல் அவர்களுக்கு இந்த ஆட்டத்தின் கதவே மூடியிருந்தது. இந்த மறுபதிப்பின் பெரிய நன்மையாக இதைத்தான் சொல்வேன்.

பெரிய குறை ஒன்றும் உண்டு. இரண்டு முறைகளுக்கிடையே ஆப்ஷன்ஸில் மாறிக்கொள்ளலாம், ஆனால் இரண்டையும் கலக்க விடவில்லை. வாள் கையிலும் பறவை ஸ்டிக்கிலும் இருக்கட்டும் என்று வைக்க வழியில்லை. அதனால் நான் பரிந்துரைப்பது இது. தரையில், கோயில்களில், மூங்கிலைச் சீவித் தள்ளும் மூங்கில் தீவு விளையாட்டில், குண்டை உருட்டும் இடங்களில் மோஷன். கானைக் கீழே தாழ்த்திப் பிடித்தால் குண்டு உருளும், மேலே உயர்த்தினால் எறியும், மிக இயல்பாக வரும். வானத்தில் பல வேலைகளைச் சேர்த்து முடிக்கும் அமர்வுகளுக்குப் பட்டன். முதல்முறை ஆடுபவர் கிராஹிம் சண்டை முடியும்வரையாவது மோஷனில் ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சுவிட்ச் லைட் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அதில் ஜாய்-கான் கழலாது, வாங்கியபடியே பட்டன் முறை மட்டும்தான். தனியாக ஒரு ஜோடி ஜாய்-கான் வாங்கிக் கம்பியில்லாமல் இணைத்தால் மோஷன் வேலை செய்யும். ஆனால் அந்தக் கான்களைச் சார்ஜ் செய்ய லைட்டில் தடம் கிடையாது, சார்ஜிங் கிரிப் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டிவரும். டிவியிலும் இணைக்க முடியாத அந்தச் சிறிய திரையை மேசையில் நிறுத்தி, எட்ட உட்கார்ந்து எதிரியின் வாள் கோணத்தைப் படிப்பது கண்ணுக்குச் சிரமம். லைட்டில் ஆடுவதானால் கூடுதல் செலவு வேண்டாம், ஸ்டிக்கிலேயே ஆடுங்கள்.